குதிகாலில் ஒரு சுவிட்ச்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைத் தைரியசாலி, போராளி என்று தூக்கிவைத்துப் பேச வேண்டாம். காலுக்குள் மின்சாரக் கருவி வைத்துக்கொண்டு நடந்தவள் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எப்படிங்க அவ்வளவு தைரியம் வந்துச்சு?" வரவேயில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தொடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். நடுங்கியது இடது தொடை. வலதுக்கு நடுங்கக்கூடத் தெம்பில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூர் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை எனக்கு. கிள்ளானிலிருந்து தினமும் பஸ். ஒரு மழைநாளில் ஃபெடரல் ஹைவேயில் பஸ் சறுக்கி, நடுத்தடுப்பில் ஏறிக் கவிழ்ந்தது. கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே நான் இல்லை. முதுகுத்தண்டுக்குள் போகும் நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் திரும்பி வரலாம் என்றார்கள். வந்தது. இடது கால் ஏறக்குறைய முழுதாக வந்தது. வலது கால் அரைகுறையாக வந்து, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பாதம் தொங்கியது. காலை முன்னால் வைத்தால் கட்டைவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். மிதியடி, நிலைப்படி, கிழிந்த லினோலியம், எது இருந்தாலும் அதில் போய் மாட்டும். நான்கு கால் வைத்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நகர்வேன். அப்படியும் விழுவேன். விழுந்து விழுந்து, வீட்டில் எந்த மூலையில் எதைப் பிடித்து எழலாம் என்பது எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

அந்த விபத்தின்போது என் மகள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள். அவளை என் நாத்தனார் தூக்கிக்கொண்டு போனார். என் கணவருக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுபாங் ஜெயாவில் டேரஸ் வீடு, நல்ல மனுஷி, பிள்ளை இல்லை. "நீ எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன், கவலைப்படாத," என்றார். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு யார் செய்வார்கள் இதை?

ஆனால் நாள் போகப் போக எனக்குப் பயம் பிடிக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் நண்பரின் காரை வாங்கிக்கொண்டு என்னை சுபாங் ஜெயாவுக்கு அழைத்துப்போவார். காரிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டுபோய் சோபாவில் வைப்பார். மகளை என் மடியில் உட்கார வைப்பார்கள். மரியாதையாக உட்கார்ந்திருப்பாள். இறங்கலாம் என்றதும் இறங்கி, "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே அடுப்படிக்கு ஓடுவாள். அடுப்படியில் இருந்தது நாத்தனார். என்னை அவள் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததே இல்லை.

பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நட, அப்புறம் பேசலாம்," என்றார் நாத்தனார், பழம் நறுக்கிக்கொண்டே. அதில் தப்பு ஒன்றுமில்லை. கணவர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், ஷிப்ட் வேலை. பகலெல்லாம் நான் தனி. தானே எழுந்து நிற்கத் திண்டாடுகிறவள் பிள்ளையை எப்படிப் பார்ப்பாள்? எல்லாம் நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு பயம். இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் என் பிள்ளை எனக்கு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரில் நான் போய்க்கொண்டிருந்த மருத்துவமனைக்கு வெளிநாட்டு இஞ்சினியர் ஒருவர் வந்திருந்தார். பாதம் தொங்குகிறவர்களுக்கு ஒரு புதுக் கருவி. இங்கே சிலருக்கு வைத்துப் பார்க்கப்போகிறார்கள், செலவு அவர்களுடையது. டாக்டர் என் வலது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் விரலால் தொட்டுக் காட்டினார். இந்த இடத்தில் பாதத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. தோலுக்கு அடியில் ஐம்பது காசு அளவில் ஒரு வில்லை வைப்போம், அதிலிருந்து கம்பி போய் நரம்பைத் தொடும். இடுப்பில் ஒரு பெட்டி மாட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் முழங்காலுக்கு இறங்கி, வில்லைக்கு நேராகத் தோல்மேல் ஒட்டியிருக்கும் வளையத்தில் சேரும். இன்னொரு ஒயர் கீழே சப்பாத்துக்குள் போகும். சப்பாத்தின் குதிகாலில் ஒரு சுவிட்ச். குதிகால் தரையை விட்டு எழும்பினால் கரண்ட் போகும், பாதம் தூக்கிக்கொள்ளும். குதிகால் தரையில் பட்டால் கரண்ட் நிற்கும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானாம். இஸ்திரிப் பெட்டியில் ஷாக் அடித்து மூன்று நாள் இஸ்திரி போடாமல் இருந்தவள் நான்.

"இடி இடிச்சா என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்டேன். மத்தியானத்துக்குமேல் கிள்ளானில் இடி இல்லாத நாள் ஏது? முதல் உறுமல் கேட்டதும் டிவி பிளக்கைப் பிடுங்குகிற ஊர் இது. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே சிரிப்பை நிறுத்திவிட்டு மற்றதைச் சொன்னார்: புண் சீழ் வைக்கலாம், கருவியை எடுக்க வேண்டிவரலாம், நரம்பு கெட்டுப்போகவும் கூடும். கெட்டுப்போனால் இப்போது இருப்பதைவிட மோசமாகும்.

திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். கணவர் இலையைப் பார்த்தபடியே பேசினார்.

"வேணாம்லா. இப்ப கக்கூஸ் வரைக்குமாச்சும் நீயே போற. அதுவும் போயிருச்சுன்னா?"

"போனா போகட்டும்."

"பேச்சுக்குச் சொல்லாத."

"பேச்சுக்கு இல்ல. உங்க அக்காகிட்ட பிள்ளைய கேட்டு வாங்கிட்டு வாங்க, நான் இத வேணாம்னு சொல்லிடுறேன்."

அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். டெலிபோன் ஆபரேட்டருக்கு வாய்தான் சோறு போட்டது.

அறுவை சிகிச்சையின்போது என்னை முழுதாக மயக்கவில்லை. கம்பி சரியான நரம்பைத் தொடுகிறதா என்று பாதத்தை அசைத்துப் பார்க்க வேண்டுமாம்; காலில் மட்டும் மரத்துப்போக ஊசி. முகத்துக்கு முன்னால் ஒரு பச்சைத் துணி. துணிக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. இழுக்கிறார்கள், அழுத்துகிறார்கள், வலி இல்லை. வலி இல்லாததே பயமாக இருந்தது. அந்தக் கால் ஏற்கனவே ஒருமுறை இப்படித்தான் வலியில்லாமல் என்னை விட்டுப் போயிருந்தது. மறுபடியும் போய்க்கொண்டிருக்கிறதோ? தலைமாட்டில் நின்ற நர்ஸ் மிஸ்ஸியிடம், "இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். "என்னது அக்கா?" என்றாள். "கால்," என்றேன். "இருக்கு, இருக்கு," என்று என் தலையைத் தடவினாள். எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லோரையும் கூப்பிட்டேன். தெரியாத சாமி ஒன்றிரண்டையும் கூப்பிட்டிருப்பேன்.

புண் ஆறிச் சில வாரம் கழித்து முதல்முறையாகப் பெட்டியைப் போட்டார்கள். பிசியோ அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றேன். இஞ்சினியர் மண்டியிட்டு என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசியோ வேலை செய்த பெண் பிரிக்ஃபீல்ட்ஸ்காரி, தமிழ்ப் பிள்ளை. அவளையும் நான் மிஸ்ஸி என்றே கூப்பிட்டேன். "குதிகால மட்டும் லேசா தூக்குங்க அக்கா," என்றாள்.

தூக்கினேன். முழங்காலுக்குக் கீழே ஆயிரம் எறும்பு ஓடியது. பாதம் விருட்டென்று மேலே வந்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கோ உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நான் தூக்கவில்லையே அதை. விபத்துக்குப் பிறகு எத்தனை நாள் அந்தப் பாதத்தைப் பார்த்து, எழும்பு, எழும்பு என்று மனசுக்குள் கெஞ்சியிருப்பேன். எனக்கு அசையாத பாதம் ஒரு பெட்டிக்கு அசைகிறது. இது யாருடைய கால்? "ஆஃப் பண்ணுங்க," என்றேன். "அக்கா, நல்லா வேலை செய்யுது." "ஆஃப் பண்ணு மிஸ்ஸி." அவள் அணைத்தாள். பாதம் மறுபடி தொங்கியது. தொங்கும் பாதத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"பயப்படாதீங்க அக்கா, பழகிரும்."

"நீ மாட்டிக்கிட்டு நட, நானும் இப்படித்தான் சொல்லுவேன்."

அவள் கோபப்படவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்னை அந்தக் கம்பிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனாள். கம்பியிலிருந்து சட்டத்துக்கு வந்தேன், சட்டத்திலிருந்து கைத்தடிக்கு வந்தேன். கரண்ட் அடிக்கும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கட்டைவிரல் தரையில் தேயவில்லை. அது உண்மை. மிதியடியைத் தாண்டியது, கதவடியைத் தாண்டியது. உட்காரும்போது மட்டும் மறக்காமல் பெட்டியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் தொங்கும்போது குதிகாலில் பாரம் இல்லை என்று கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், பாதம் விறைத்து நிற்கும்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகும் நாள் நெருங்கியபோதுதான் எனக்கு அந்த யோசனையே வந்தது. "மிஸ்ஸி, வீட்டுக்குள்ள எப்படி நடக்கிறது?" என்றேன். "இதே மாதிரிதான்." "சப்பாத்தோடயா?" அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வீட்டிலும் வாசலில்தானே செருப்புக் குவியல் இருக்கும். இஞ்சினியரிடம் இங்கிலீஷில் கேட்டாள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. எதற்காகச் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். கண்டுபிடித்தவருக்குக் காலையில் போட்டால் படுக்கப்போகும்போதுதான் சப்பாத்து கழலும் போலிருக்கிறது. அவர்மேல் தப்பில்லை, அவர் ஊர் அப்படி.

சுவிட்ச் பொருத்தியது அந்த ஒரே ஜோடி. அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வெளியே போய்வந்தால் கணவர் கேட்டருகில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஈரத்துணியால் அடியைத் துடைத்துவிடுவார். பிறகு சப்பாத்தோடு உள்ளே. பழக எனக்கு வெகுநாள் ஆனது. சாமிப் படம் இருக்கும் பக்கம் போகவே மாட்டேன். சப்பாத்துக் காலோடு சோறு சாப்பிட்டால் தொண்டையில் இறங்காது. யாராவது விருந்தாளி வந்துவிட்டால் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பெட்டி வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறு சுபாங் ஜெயா. தூக்கிக்கொண்டு போக வேண்டாம், நானே நடந்து போகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். மகள் பார்க்க வேண்டும். நாத்தனாரும் பார்க்க வேண்டும், அதை ஏன் மறைக்க? கார் நின்றது. கைத்தடியை ஊன்றி இறங்கினேன். கேட்டிலிருந்து வாசல்வரை நடந்தேன், ஒரு தடுமாற்றம் இல்லை. கிரில் கதவுக்குப் பின்னால் நாத்தனார் நின்றார், அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மகள். இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்ததும் என் கால் தன் பாட்டுக்குச் செய்ததைச் செய்தது. பிறந்ததிலிருந்து எத்தனை வாசலில் செய்ததோ, அதையே. இடது கால் நுனியால் வலது சப்பாத்தின் குதியை மிதித்து, காலை வெளியே உருவினேன்.

பெட்டியை அணைக்கவில்லை. சுவிட்ச் மேலிருந்து பாரம் நீங்கியதும் கரண்ட் பாய்ந்தது, பாய்ந்துகொண்டே இருந்தது. பாதம் மேலே விறைத்து, குதிகால் மட்டும் மொசைக்கில் வழுக்கியது. ஒயர் இழுபட்டது. கைத்தடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நெற்றி கிரில்லில் மோதியது. கீழே கிடந்தபோதும் அந்தப் பாதம் எல்லோருக்கும் தெரிகிறமாதிரி ஆகாயத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.

மகள் அலறினாள். அந்த அலறல் எனக்கு அடிபட்டதற்காக அல்ல. அந்தக் காலைப் பார்த்து. "அம்மா, அம்மா" என்று நாத்தனாரின் இடுப்பில் ஏறிக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டாள். கணவர் ஓடிவந்து பெட்டியை அணைத்தார்.

நாத்தனார் என் நெற்றிக்கு ஐஸ் வைத்தார். ஐஸ் வைத்துக்கொண்டே, தணிந்த குரலில்தான் சொன்னார். "இப்படி விழுற ஆளை நம்பி நான் எப்படிம்மா பிள்ளைய அனுப்புவேன்? நீயே சொல்லு." அவர் சொன்னது நானே எனக்குள் சொல்லிக்கொண்டதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் அப்படி விழுந்திருந்தால்?

அதன்பிறகு பெட்டியைத் தொடவில்லை. அலமாரியில் வைத்து மூடினேன். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு, பழையபடி நகர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலைவலி என்றேன். மகள் அந்தக் காலைப் பார்த்து மறுபடி அலறிவிடுவாளோ என்பதுதான் தலைவலி. தொலைபேசியில் நாத்தனார் ரிசீவரை அவள் காதில் வைப்பார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

பிசியோ மிஸ்ஸிதான் ஆளனுப்பிக் கூப்பிட்டாள். போனால் கதவைச் சாத்திவிட்டு ஒரு பிடி பிடித்தாள். "நீங்க விழுந்தது கருவியால இல்ல அக்கா. சப்பாத்த கழட்டினதால. நானா இருந்தாலும் கழட்டியிருப்பேன். அதுக்கு இத அலமாரியில வச்சு கும்பிடுவீங்களா? பிள்ளை வேணுமா வேணாமா?" நான் பதிலுக்கு என்னென்னவோ கத்தினேன். பிறகு இரண்டு பேரும் களைத்துப்போய் உட்கார்ந்தோம். அவள் வளையத்தை எடுத்து என் காலில் ஒட்டினாள். நான் தடுக்கவில்லை.

மறுபடி நடந்தேன். கிள்ளான் பசாரில், ஈரத் தரையில், மீன்கடை ஓரத்தில் நடந்தேன். பயம் குறைந்ததா என்றால் இல்லை. பயத்தோடு கூடவே நடக்கலாம் என்று தெரிந்தது, அது வேறு விஷயம்.

மறுபடி சுபாங் ஜெயா போனபோது வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே கூடத்தில், கதவுக்கு நேர் எதிரே, நாத்தனாரின் சாமிமேடை. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் நீர் தெளித்துத் துடைக்கிற தரை. அவர் வீட்டுக்காரர்கூடக் கால் கழுவாமல் ஏறமாட்டார்.

"அக்கா, நான் சப்பாத்தோடதான் உள்ள வரணும்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "கழட்டினா விழுந்துருவேன். இது இருந்தாதான் நடப்பேன்."

அவர் என் காலைப் பார்த்தார். திரும்பிச் சாமிமேடையைப் பார்த்தார். கணவர் எதையோ சொல்ல வாயெடுத்தார்; நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நாத்தனார் உள்ளே போனார். போய்விட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் மேடைக்கு முன்னால் நின்று, வீட்டில் தீட்டு என்றால் மூடும் அந்தச் சின்னத் திரையை இரண்டு பக்கமிருந்தும் இழுத்து மூடினார். திரும்பி வந்து கிரில்லை அகலத் திறந்தார்.

"வா," என்றார்.

கூடத்தின் குறுக்கே நடந்தேன். சப்பாத்துச் சத்தம் அந்த வீட்டில் அசிங்கமாகக் கேட்டது. மகள் சோபாவுக்குப் பின்னாலிருந்து என் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சோபாவில் உட்கார்ந்து பெட்டியை அணைத்தேன். நாத்தனார் எதிரே உட்கார்ந்தார். அவர் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. அப்போதுதான் பார்த்தேன், அந்த அறையில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தது நான் மட்டுமில்லை.

"மழை பேஞ்சா அது ஷாக் அடிக்குமா?" என்றார்.

"அடிக்காதாம். டாக்டர் சொன்னார்."

"நீ நம்புறியா?"

"பாதி."

அவர் சிரிக்கப்பார்த்தார், முடியவில்லை. "ஒரு வாரம் கூட்டிட்டுப் போ," என்றார் கடைசியில். "பாப்போம். முடியலைன்னா போன் போடு, நானே வந்து தூக்கிட்டு வரேன். இதுல வெக்கம் பாக்காத." பிறகு எழுந்து பிள்ளையின் துணிகளை மடிக்கப் போனார். அறைக்குள் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

காரில் மகள் கிள்ளான்வரை அழுதாள். கத்தி அழவில்லை, சத்தமில்லாமல் அழுதாள். அதற்குக் கத்தியே அழுதிருக்கலாம். அன்று ராத்திரி எனக்கும் கணவருக்கும் நடுவில் படுத்து, அவர் பக்கம் திரும்பித் தூங்கிப்போனாள்.

காலையில் கண் விழித்தபோது கணவர் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். பக்கத்தில் பிள்ளை இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை. முன்கதவு? பூட்டியிருந்தது, கட்டிலிலிருந்தே தெரிந்தது. பின்கட்டுக் குளியலறை ஈரமாக இருக்கும். இடுப்பளவுக்குத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே எட்டிப்பார்க்கிற உயரம் அவளுக்கு. தூங்கும்போது வளையத்தைக் கழற்றிவைத்துவிடுவேன், தோல் அரிக்கும். எடுத்து ஒட்டினேன். அவசரத்தில் இடம் தப்பியது. பிய்த்து மறுபடி ஒட்டினேன், வேர்வையில் பிளாஸ்திரி பிடிக்கவில்லை. சப்பாத்து கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டாமல்.

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "முடிஞ்சிருச்சு!"

என்ன முடிந்தது? எதுவும் ஓடவில்லை மண்டையில். வளையத்தைக் கீழே எறிந்துவிட்டு எழுந்தேன். வெறுங்கால். அலமாரியைப் பிடித்தேன், கதவைப் பிடித்தேன், சுவரைப் பிடித்தேன். அடுப்படிப் படியில் கட்டைவிரல் மாட்டியது, விழுந்தேன். முழங்கையில் அடி. எழ நேரமில்லை, அப்படியே முட்டிபோட்டுக் கைகளை ஊன்றி ஊர்ந்தேன். "முடிஞ்சிருச்சு!" என்று மறுபடி கத்தினாள், இந்தமுறை எரிச்சலாக. கடவுளே, கடவுளே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. ஈரத் தரைக்கு வந்து கதவைத் தள்ளினேன்.

கக்கூஸ் மேடையில் இரண்டு கால்களையும் அகட்டி, சிலுவாரை, அந்தக் குட்டிக் கால்சட்டையை, கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். நான் நாலு காலில் வந்து நிற்பதை ஏற இறங்கப் பார்த்தாள். அலறவில்லை.

"ஏன் லேட்டு?" என்றாள். "கழுவி விடுங்க."

குவளையில் தண்ணீர் மொண்டேன். பாதி என்மேல் கொட்டியது. முட்டிபோட்டபடியே கழுவிவிட்டேன். மேடையிலிருந்து இறக்கினேன். அவள் சிலுவாரை என்னிடம் நீட்டினாள், நான் விரித்துப் பிடித்தேன். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, முழுப் பாரத்தையும் அதில் போட்டு, ஒவ்வொரு காலாக உள்ளே விட்டாள். நான் விழாமல் இருந்தேன்.